ஓரத்தில் இரண்டு துளைகள்

நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு துளைகள் இருந்தன.

ஊசியால் குத்தியதுபோல் பொடித் துளைகள், அரை விரற்கடை இடைவெளியில். வேறு யாராக இருந்தாலும் பூச்சி அரித்திருக்கிறது என்று விட்டிருப்பார்கள். அவளோ பாடப்புத்தகம் அச்சிடும் பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடி மெய்ப்புப் பார்ப்பவள். ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தால் அதற்கு நேரே உள்ள வரியைப் படிக்காமல் அவளால் நகர முடியாது. படித்தாள். 'ராட்சசப் பூரான் பகலில் வெளியே வராது' என்று இருந்தது.

அது ஒன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான புத்தகம் அல்ல. அட்டையில் நண்டு, உள்ளே பூரான். நாற்பதடி நீளம். ஒரு பேருந்தை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும். இரண்டாம் அத்தியாயத்தில் அதற்கு அறுபத்திரண்டு கால், ஒன்பதாம் அத்தியாயத்தில் ஐம்பத்தெட்டு. நடுவில் நாலு கால் எங்கே போயிற்று என்பது எழுதியவருக்கே வெளிச்சம். ராட்சச எலி, ராட்சசத் தவளை என்று இன்னும் இருபத்தைந்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டதாகக் கல்யாணமான வருஷமே கணவனிடம் சொல்லியாகிவிட்டது. பதிப்பகத்தில் அவளுக்கு 'ஒற்று மேடம்' என்று பட்டப்பெயர். ஒரு 'க்' விட்டுப்போனால்கூட ஆளைப் பிடித்து உலுக்கிவிடுவாள். திருத்தமே இல்லாத பக்கத்திலும் படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடச் சொல்லிப் புதிதாக வருகிறவர்களைப் படாதபாடு படுத்துவாள். "இல்லன்னா அது சரியான பக்கமா, படிக்காத பக்கமான்னு யாருக்குத் தெரியும்?" என்பாள். அப்பேர்ப்பட்டவள் பூரான் கதை படிக்கிறாள் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அதனால் புத்தகங்கள் மகளின் கட்டிலுக்கு அடியில், மகளுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளைப் போட்டுவைத்த மரப்பெட்டியில் கிடந்தன. அந்த வீட்டில் யாரும் திறக்காத பெட்டி அது ஒன்றுதான்.

மறுநாள் ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் துளைகள். 'தண்ணீரைக் கண்டால் ஓடிவிடும்' என்ற வரிக்கு நேரே. அதற்கும் மறுநாள் ஐம்பத்தெட்டில், 'தன் முட்டைகளைத் திரும்பியும் பார்க்காது' என்ற வரிக்கு நேரே. போன மாதம்தான் அவள் ஒரு அறிவியல் பாடத்துக்கு மெய்ப்புப் பார்த்திருந்தாள். தாய்ப் பூரான் முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்து, இரை தேடக்கூடப் போகாமல் காவல் காக்குமாம். ஆக, யாரோ தப்பான வரியைப் பார்த்துப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த யாரோ.

கணவன் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. பல் மருத்துவமனைக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவன். மெழுகு செதுக்கும் கூரான கம்பி ஒன்றாவது எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும்.

"பாப்பா ரூம்ல ஏதாவது தேடுனீங்களா?" என்று சாப்பிடும்போது பட்டும் படாமலும் கேட்டாள்.

"நான் எந்தப் பெட்டியையும் தொடலப்பா."

பெட்டியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். அவன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மகள் இரண்டாம் வகுப்பு. கன்னம் வீங்கி, காய்ச்சலோடு ஒரு வாரமாகக் கட்டிலோடு கிடந்தாள்.

"செல்லம், கீழ இருக்கிற பெட்டியத் திறந்தியா?"

"இல்லம்மா. எனக்கு அந்த வாசனை பிடிக்கல."

பெட்டியில் அவள் பாச்சை உருண்டை போட்டுவைத்திருந்தாள். குனிந்து முகர்ந்தாள். பாச்சை உருண்டை வாசனை இல்லை. மழையில் நனைந்து நாளான செங்கல்லின் வாசனை அடித்தது.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி தோன்றியது. புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: 'இது என் கணவரின் வேலை.' காலையில் பார்த்தபோது அதற்கு நேரே இரண்டு துளைகள். தப்பு என்று அவன்தானே மறுப்பான்? 'எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்' என்று எழுதினாள். மறுநாள் துளை இல்லை. சரிதானே. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது. எத்தனையோ வருஷமாகத் திருடிபோல் தனியாகப் படித்தவளுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. அது யாராக இருந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தும்விட்டாள்.

'நீ ஒரு சின்னப் பூச்சி' என்று விளையாட்டாக எழுதினாள்.

மறுநாள் ஒரு துளை பக்கத்தின் இடது ஓரத்தில் இருந்தது. இன்னொன்று வலது ஓரத்தில்.

விரல்களை விரித்து அளந்து பார்த்தாள். முக்கால் சாண் இருந்தது. ஊசித் துளைகளும் அல்ல இவை, பென்சிலே நுழையும். புத்தகத்தை முன்னுக்குப் புரட்டினாள். நாற்பத்து மூன்றில் அரை விரற்கடை. ஐம்பத்தொன்றில் ஒரு விரற்கடை. ஐம்பத்தெட்டில் இரண்டு. பூரானுக்கு விஷக் கொடுக்கு இரண்டு என்று அந்த அறிவியல் பாடத்தில் படம் போட்டிருந்தார்கள். பெயரைத் தவறாகப் போட்டிருந்ததால் அவளேதான் திருத்தி அனுப்பியிருந்தாள்.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டலாம். காட்டினால் புத்தகத்தையும் காட்ட வேண்டும். அன்றும் காட்டவில்லை. அவன் வேலைக்குப் போனதும் அதே பக்கத்தில் ஒரு வரி எழுதி உள்ளே வைத்தாள்.

'என் மகளை நீ ஒன்றும் செய்யமாட்டாய்.'

விடியும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது, மின்சாரமும் போய்விட்டது. மகளின் அறையில் சன்னல் திரை ஈரக்காற்றில் உப்பி உப்பி அடங்கியது, மண்டியிட்டவளின் முழங்காலுக்குத் தரை வழக்கத்தைவிடச் சில்லென்று இருந்தது, பெட்டியின் மூடி முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே உடுப்புகளெல்லாம் ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் வட்டமாகக் குழிந்திருந்தது. எதுவோ சுருண்டு படுத்து எழுந்த இடம்போல. பெட்டியின் பின்பலகையைக் காணவில்லை. அந்தப் பக்கம் இருட்டு.

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். கடைசிப் பக்கம்.

துளை இல்லை.

இடது ஓரம். வலது ஓரம். இல்லை. பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பார்த்தாள். இல்லவே இல்லை. அந்த வரி சரி. ஒன்றும் செய்யாது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மகளின் சூடான காலைத் தொட்டாள்.

"அம்மா," என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல். "புக்க ஏம்மா எடுத்த?"

"சும்மாடா. நீ தூங்கு."

"கீழயே வெச்சிடும்மா. அது இன்னும் படிக்கல."

அவள் கையிலிருந்து புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது.

கையெழுத்து இல்லாத பக்கம்.

மகளைத் தூக்கத்தான் குனிந்தாள். தரையில் புத்தகம் மெல்ல நகர்ந்தது. கட்டிலுக்கு அடியில் போயிற்று. படுக்கை விரிப்பின் தொங்கும் ஓரம் அவள் காலருகே லேசாக உயர்ந்து தாழ்ந்தது. பிறகு கால்மாட்டில். பிறகு அந்தப் பக்கம். பிறகு தலைமாட்டில். கட்டிலை ஒரு சுற்று.

செங்கல் வாசனை.

கீழே தாள் புரளும் சத்தம். நிதானமாக. ஒவ்வொரு பக்கமாக.

அவள் மகளை நெஞ்சோடு அணைத்துக் கால்களை மேலே இழுத்துக்கொண்டாள். வாசல் நாலு எட்டுதான். கீழே புரள்வது நின்றது. கடைசிப் பக்கம்.

மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

டக்.

மகள் தூக்கத்தில் புரண்டாள்.

டக்.