பதிலுக்கு ஒரு கையசைப்பு

அக்கரையில் நின்ற ஆளைப் பார்த்துப் பிக்கெல் குரைக்கவில்லை.

ரின்ஸ்கேவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். தபால்காரரைக் கண்டால் குரைக்கும், சைக்கிளைக் கண்டால் குரைக்கும், காற்றில் உருளும் பிளாஸ்டிக் பையைக்கூட ஏதோ தலைமுறைப் பகை போலத் துரத்தித் துரத்திக் குரைக்கும் நாய் அது. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்திலிருந்து கிளம்பி, டென்மார்க்கைத் தாண்டி, நார்வேயின் மலைகளையெல்லாம் சுற்றி, இப்போது சுவீடனின் காட்டுக்குள் வந்து நிற்கும் இந்த நெடும் பயணத்தில், எதிர்ப்பட்ட ஒரு மனிதரையும் அது சும்மா விட்டதில்லை. இன்று மட்டும் ஏரியின் மறுபக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, காதுகளை மடித்துக்கொண்டு, வண்டிக்குள் மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது. சற்று நேரத்தில் மூத்திர வாடை எழுந்தது.

“ஹார்மன், இங்க பாரு. உன் சிங்கம் உள்ளேயே ஒண்ணுக்குப் போயிடுச்சு.”

“வயசாகுதில்ல அதுக்கு? நாளைக்கு நானும் போவேன். அப்பவும் இப்படித்தான் சத்தம் போட்டுச் சொல்லுவியா?”

“அதுக்குன்னா துடைப்பேன். நீ போனா நீயே துடைச்சுக்கணும்.”

ஹார்மன் சிரித்தார். அவர் சிரித்தால் மேசை மேல் காபிக் கோப்பைகள் அதிரும். வாழ்நாள் முழுக்கப் பால்மாடு வைத்துப் பிழைத்தவர். மாடுகளை விற்ற கையோடு, படுக்கையும் அடுப்பும் உள்ள இந்தக் கேம்பர் வண்டியை வாங்கினார். மகளுக்குக் குளிர்காலத்தில் பிரசவம். அதற்குள் மூன்று பேரும் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ரின்ஸ்கே அவரிடம் வாங்கியிருந்த ஒரே வாக்கு. மூன்றாவது பேர் பிக்கெல்.

வெளியே வெயில் போய், பைன் மரங்களின் நுனியில் மட்டும் கொஞ்சம் செம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏரி அசையவில்லை. ஈரப் பாசியின் மணமும் அழுகிய இலைகளின் மணமும் சன்னலின் ரப்பர் விளிம்பு வழியாகக் கசிந்து, காபி மணத்தோடு கலந்தன. ரின்ஸ்கே விளக்கைப் போட்டாள். டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கெட் எடுத்து வைத்தாள். டப்பாவை மூடினாள். சன்னலுக்குத் திரை போடவில்லை.

போடுவதற்குத் திரையே இல்லை. எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் யாரும் சாயங்காலம் திரையை இழுத்து மூடுவதில்லை. விளக்கேற்றிய கூடம் தெருவுக்குத் தெரிய வேண்டும். ஒளிப்பதற்கு எதுவும் இல்லாத வீடு என்று அதற்கு அர்த்தம். தெருவில் போகிறவர் கையை அசைப்பார், உள்ளே இருப்பவர் பதிலுக்கு அசைப்பார். ஒரு நாள் அசைக்காமல் விட்டால், மறுநாள் ரொட்டிக் கடையில் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். வண்டியோடு வந்த தடித்த திரைகளைப் பார்த்து, இவ்வளவு நல்ல துணி வீணாகத் தொங்குகிறதே என்று, கிளம்புவதற்கு முன்பே ரின்ஸ்கே அவற்றை வெட்டித் தைத்துப் பிக்கெலுக்கு மெத்தை பண்ணிவிட்டாள்.

ஆகவே, அக்கரையில் ஓர் ஆள் நின்று பார்ப்பது தெரிந்ததும் அவள் கை தானாக உயர்ந்தது. அசைத்தாள்.

அவன் அசைக்கவில்லை.

“வேட்டைக்கு வந்தவனா இருப்பான்” என்ற ஹார்மனும் கையை உயர்த்தி அசைத்தார். அவருடைய வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. வைக்கோல் கட்டும் இயந்திரம் இளவயதிலேயே கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த கட்டை விரலும் அடுத்த இரண்டும் ஒரு பறவையின் காலைப் போல விரிந்து நிற்கும். எவ்வளவு தூரத்திலிருந்தும் ஊரில் அவரை அதை வைத்தே அடையாளம் தெரிந்துகொள்வார்கள்.

வெகுநேரம் கழித்து, அவர்கள் காபியைக் குடித்து முடித்த பிறகு, அக்கரையில் ஒரு கை மேலே வந்தது. தோளிலிருந்து அல்ல. இடுப்புப் பக்கத்திலிருந்து எங்கேயோ கிளம்பி, மடிய வேண்டிய இடத்தைத் தாண்டி மடிந்து, தலைக்கு மேலே போய் நின்றது. ஒரு தடவை இடப்பக்கம் சாய்ந்தது. யோசித்தது போல் நின்றது. பிறகு வலப்பக்கம்.

அதற்கு அப்புறமும் அது கீழே இறங்கவில்லை. இருட்டு வந்து மூடும்வரை அசைந்துகொண்டேயிருந்தது.

மறுநாள் மதியம் தாண்டி, காட்டுச் சாலையில் இருக்கும் சின்னக் கடைக்கு உருளைக்கிழங்கு வாங்கப் போனார்கள். கல்லாவில் இருந்த பெண் பிக்கெலின் கழுத்தைச் சொறிந்துவிட்டு, வேட்டைக் காலம் என்பதால் நாய்க்குப் போடும் ஆரஞ்சுச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“இதப் போட்டு விடுங்கம்மா. இல்லாட்டி நரின்னு நெனச்சுச் சுட்டுருவாங்க.”

“நேத்தே ஒரு வேட்டைக்காரரப் பார்த்தோம். ஏரிக்கு அந்தக் கரையில நின்னாரு” என்றாள் ரின்ஸ்கே.

“எந்தக் கரை?”

“நாங்க நிக்கிற இடத்துக்கு நேர் எதிர்ல.”

அந்தப் பெண்ணின் கை நாயின் கழுத்தில் அப்படியே நின்றது. “அங்க கரையே கெடையாதேம்மா. பாக்கத்தான் தரை மாதிரி இருக்கும். எல்லாம் பாசி மெதக்கற சேறு. மானே கால வச்சா முங்கிடும். அங்க யாரு போய் நிக்கறது?”

வண்டிக்குத் திரும்பியதும் ரின்ஸ்கே சொன்னாள்: “இன்னைக்கே கிளம்பிடலாம்.”

“கட்டையைப் பார்த்திருப்போம், விடு.”

“கட்டை கையை ஆட்டுமா?”

“இப்பக் கிளம்பினா வழியிலேயே இருட்டிடும். எதிர்ல வர்ற லைட்டெல்லாம் என் கண்ணுக்குப் பூசணிக்கா மாதிரி தெரியுது. நீ ஓட்டுறியா?”

அவள் இந்தப் பெரிய வண்டியை ஒருநாளும் ஓட்டியதில்லை. அது அவருக்கும் தெரியும். வண்டி ஏரிக்கரையிலேயே திரும்ப வந்து நின்றது. சாவி அவருடைய கால்சட்டைப் பைக்குள் போனது.

“காலையில எழுந்ததும் மொத வேலை அதான். சத்தியமா” என்றார்.

சாயங்காலம் வந்தது. விளக்கு. காபி. ஆளுக்கு ஒரு பிஸ்கெட். ரின்ஸ்கே அக்கரையைப் பார்த்தாள். வெறும் பாசி. வெறும் மூடுபனி. அவளுடைய தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு மேசைக்கடியில் பிக்கெலின் பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது, குளிரில் பீங்கான் தட்டு நடுங்குவதைப் போல.

அது இந்தக் கரையில் இருந்தது.

விழுந்து கிடந்த பிர்ச் மரத்துக்குப் பக்கத்தில், வெளியே போட்டிருந்த அவர்களுடைய மடக்கு மேசைக்கும் நாற்காலிகளுக்கும் கொஞ்சம் அப்பால். மரத்தின் வெள்ளையோடு வெள்ளையாக, பட்டை உரித்த கட்டையின் ஈரப் பளபளப்போடு. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையை உயர்த்தியது. இன்று கை சரியான இடத்தில் மடிந்தது. இன்று யோசிக்கவில்லை. இடம், வலம், இடம், வலம். எந்தத் தெருவிலும் எந்த மனிதரும் அசைப்பது போலவே. விரல்களில் கடைசி இரண்டை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டிருந்தது.

ஹார்மனின் முகம் சிவந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கிக் காட்டிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அதை மட்டும் அவர் யாருக்கும் மன்னித்ததில்லை.

“கிண்டல் பண்றான் ரின்ஸ்கே. எவனோ பொழுது போகாத பய.”

“ஹார்மன், வேண்டாம். கதவைத் தொறக்காத.”

“ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.”

“அது மனுஷன் இல்ல!”

அவர் கதவைத் திறந்து படியில் நின்றார். “ஏய்! என்ன, வேடிக்கையா?”

அப்போதுதான் பிக்கெல் குரைத்தது. இரண்டு நாளாய்த் தொண்டைக்குள் அடைத்து வைத்திருந்த குரைப்பு முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. எசமான் வெளியே நிற்கிறார். அது போதும் அந்தப் பைத்தியத்துக்கு. அவருடைய கால்களுக்கு நடுவே புகுந்து, ஆரஞ்சுச் சட்டையோடு பாய்ந்தது. நாய் வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கண்ணுகளா, மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

குரைப்பு பாதியில் நின்றது.

கத்தரித்த மாதிரி. பிறகு ஈரத் துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக் கிழிக்கிற சத்தம்.

“பிக்கெல்?” ஹார்மன் படியில் இருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டார்.

“உள்ள வா. ஹார்மன். உள்ள வந்துடு.”

“அது என் நாய்.”

போய்விட்டார். டார்ச்சின் வெளிச்சம் மரங்களின் மேல் ஆடி ஆடிப் போயிற்று. நின்றது. அவர் நாயின் பெயரை இன்னொரு தடவை சொன்னார், கேள்வியாக அல்ல. எதையோ பார்த்துவிட்டவரின் குரலில்.

வண்டியின் கூரை மேல் ஏதோ வந்து விழுந்தது. கனமாக, மெத்தென்று. முன் கண்ணாடியில் ஒரு கோடு இறங்கியது. இன்னொரு கோடு. அவற்றின் பின்னால் ஆரஞ்சுச் சட்டை மெல்ல வழுக்கி வந்தது. அது உள்பக்கம் வெளியே வரத் திரும்பியிருந்தது. தோலும் அதனோடே திரும்பியிருந்தது.

ரின்ஸ்கே கத்தினாளா, எப்போது கதவை இழுத்துச் சாத்தினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

ஹார்மன் ஓடி வந்தார். சன்னல் வெளிச்சத்துக்குள் வந்துவிட்டார். மடக்கு நாற்காலி ஒன்றைத் தட்டிவிட்டு, வெளி மேசையைப் பிடித்து நிமிர்ந்தார். டார்ச் மேசை மேல் உருண்டது. அவளைப் பார்த்தார். வலது கையை உயர்த்தினார். கதவைத் திற என்றா, திறக்காதே என்றா, அது தெரியவில்லை. உயர்த்தினார், அவ்வளவுதான்.

பின்னாலிருந்து வந்த அது அந்தக் கையைத்தான் பார்த்தது. மணிக்கட்டைப் பிடித்தது. தெருவைத் தாண்டும்போது ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பது போல, அவ்வளவு பதமாக. பிறகு திருப்பியது. கோழித் தொடையை மூட்டோடு பிரிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். சன்னலில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது. ஹார்மன் முழங்காலில் விழுந்தார். அது அவருடைய நெஞ்சின் மேல் காலை ஊன்றி, இழுத்தது.

“ரின்ஸ்கே! ரின்ஸ்கே, கதவு…”

அவள் கதவண்டைதான் நின்றாள். கை தாழ்ப்பாளில் இருந்தது.

தாழ்ப்பாளைப் போட்டாள்.

அவர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெயரின் முதல் எழுத்தை மட்டும். பிறகு அது எழுத்தாக இல்லை. எலும்புகள் ஒவ்வொன்றாக. பிறகு ஏரியின் அமைதி.

சாவி அவர் பையில்.

விளக்கை அணைத்தாள். இப்போது உள்ளே எதுவும் தெரியாது. எதுவும் தெரியாது, எதுவும் தெரியாது. தரையைத் தடவி நாயின் மெத்தையை எடுத்தாள். திரைத் துணி. அவள் வெட்டியது. அவள் தைத்தது. பக்கத்துச் சன்னலில் அதை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். பிக்கெலின் வாடை மூக்கில் ஏறியது. ஈர மயிர். பிஸ்கெட் தூள். ஒரு சன்னல் மறைந்தது. இன்னும் எதிர்ச் சன்னல். சமையலடுப்புக்கு மேலே ஒன்று. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி.

எதிர்ச் சன்னலில் வெளிச்சம் வந்தது.

டார்ச். மேசையிலிருந்து எடுத்து, அந்தப் பக்கம் கொண்டுவந்து, தரையில் நிமிர்த்தி வைத்திருந்தது. விளக்கு இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அவள் திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஈர வெள்ளை. முகத்தை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தூரத்திலிருந்து பார்த்துக் கற்றது ஒன்றே ஒன்றுதான். அதன் பிடியில், முழங்கைக்குக் கீழே பிய்ந்து தொங்கும் நரம்புகளோடு, ஒரு கை. கட்டை விரல். அடுத்த இரண்டு. பறவையின் காலைப் போல விரிந்து.

இடம். வலம். இடம். வலம்.

ஹார்மன் அசைப்பது போலவே.

பிறகு நிறுத்தியது. காத்திருந்தது.

மெத்தை கீழே விழுந்தது. எழுபது வருடத்துச் சாயங்காலங்கள் அவளுடைய தோளில் இருந்தன. தெருவில் போன ஒருவருக்கும் பதில் சொல்லாமல் விடாத கை அது. வேண்டாம் என்று அவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கை உயர்ந்தது. மார்பு வரை. தோள் வரை.

வெள்ளை கண்ணாடியோடு ஒட்டி நெருங்கியது. அதற்குப் பிடித்திருந்தது.

அது தன்னுடைய மற்றொரு கையைத் தூக்கி, அவளுடைய உள்ளங்கைக்கு நேரே கண்ணாடியில் வைத்தது. அந்தக் கை இன்னும் காலியாக இருந்தது.