கழலாத மோதிரம்

காலை 10.20. பூக்கடைக்கார அம்மாவின் விரலில் பத்து வருடமாக இறுகிக் கிடந்த கல்யாண மோதிரத்தைக் காணோம்.

11.05. பெண் இன்ஸ்பெக்டர் கடையின் பின்னறைக்குள் நுழைந்தார். அம்மாவின் மகன், போன் போட்டு வரவழைத்திருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணைக் கைகாட்டினான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்.

"மூட்டுவாதத்துல வீங்கின விரல் மேடம். சோப்பு போட்டும் மோதிரம் கழலல. வெட்டித்தான் எடுக்கணும்னு நகைக்கடைக்காரரே சொல்லிட்டார். காலையில விரல் விரலா பிடிச்சு நீவினது இவங்க மட்டும்தான்."

"நான் கிளம்புறப்ப மோதிரம் விரல்லதான் இருந்துச்சு," என்றாள் அந்தப் பெண். "திருடின்னு பேர் வந்தா இனிமே எந்த வீட்டுலயும் என்னை உள்ள விடமாட்டாங்க."

"அதுக்கப்புறம் யாராவது வந்தாங்களா?"

"ஈ காக்கா வரல," என்றார் அம்மா. "உட்கார்ந்து ரோஜாவுக்கு முள் சீவினேன். முடிச்சிட்டுப் பார்த்தா விரல் மொட்டையா இருக்கு."

மேசை மேல் கத்தி, ரப்பர் கையுறைகள், ஒரு மாத்திரை அட்டை. பக்கத்தில் வாளி நிறைய ரோஜா. அம்மா பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து இன்ஸ்பெக்டருக்கு டீ ஊற்றினார்.

"வழக்கமா முள் சீவுறது யாரு?"

"நான்தான்," என்றான் மகன். "அம்மாவால கத்தியப் பிடிக்கவே முடியாது. இன்னைக்கு நான் வர லேட்டாயிடுச்சு."

"இது என்ன மாத்திரை?"

"வலிக்கும் வீக்கத்துக்கும். போன வாரம் டாக்டர் மாத்திக் கொடுத்தார்," என்றார் அம்மா.

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"குற்றவாளி இதுதான். கழலாதுன்னு நீங்க சொல்றதெல்லாம் போன வாரத்து விரலைப் பத்தி. அந்த விரல் கத்தி பிடிக்காது, மூடி திருகாது. இன்னைக்கு அம்மா ரெண்டையும் செஞ்சிருக்காங்க. வீக்கம் வத்திடுச்சு. ஆனா யாரும் கவனிக்கல. மோதிரம் தொளதொளன்னு ஆகியிருக்கு. முள் சீவி முடிச்சுட்டு இறுக்கமான கையுறைய உருவினா?"

இடது கையுறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ணங்கென்று மேசையில் விழுந்தது மோதிரம்.

அம்மா எழுந்து அந்தப் பெண்ணிடம் போனார்.

"வலிச்சாத்தானே விரல் ஞாபகம் வரும். வலிக்கல, மறந்தே போயிட்டேன். அநியாயமா உன் மேல பழி போட்டுட்டோம். மன்னிச்சிரும்மா."

அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மடக்குங்க. இன்னும் கொஞ்சம். இன்னும்."

ஐந்து விரலும் மடங்கி உள்ளங்கையைத் தொட்டன. மாதக்கணக்கில் இருவரும் மல்லுக்கட்டியது இந்த ஒரு பிடிக்காகத்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.