கட்டிலோரத்து ஃப்யூஸ்

முந்தின நாள் மாலை ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தது. மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவும்போது பார்த்தால் பாதிக்கும் கீழே போயிருந்தது. விளக்கு எரியவில்லை, விசிறி ஓடவில்லை, ஃப்ரிட்ஜைக்கூட நான் அணைத்தே வைத்திருந்தேன்.

"பேட்டரிக்கு வயசாயிடுச்சும்மா," என்றார் என் கணவர், கட்டிலில் சாய்ந்தபடியே.

"போன வாரம் வாங்கின பேட்டரிங்க அது!"

அதற்குள் தூங்கிவிட்டார். வீட்டில் விடிய விடியப் புரளும் மனுஷன், இந்த வண்டியில் ஏறித் தலையணையில் தலை வைத்தால் பச்சைப் பிள்ளை மாதிரி தூங்குவார்.

எனக்கு அது பிடிக்காது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த இந்த வீட்டு வண்டியை அவர் முதல் மனைவியோடு வாங்கினார். அவள் நல்ல நெட்டை. அலமாரிகள் எல்லாம் அவள் உயரத்துக்கு. கண்ணாடியில் எனக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். ஒரு டம்ளர் எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். விற்றுத் தொலையுங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். செத்தவளோடு என்ன சக்களத்திச் சண்டை என்று என் தங்கை சிரித்தாள். உயிரோடு இருப்பவள் என்றால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேனே!

அவளுக்கு நுரையீரலில் கோளாறு. கட்டிலோரத்துப் பிளக்கில் மூச்சுக்கான ஒரு சின்ன இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஒரு பயணத்தில், அவர் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும்போது, பேட்டரி தீர்ந்து போனது. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

மழை பிடித்துக்கொண்டது. கூரைமேல் சோலார் தகடு இருந்தும் பிரயோஜனமில்லை. பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் அணைச்ச பிறகும் மீட்டர்ல கரண்ட் போறதா காட்டுதாக்கா?"

"நாலு ஆம்பியர் காட்டுது தம்பி."

"அப்ப ஏதோ ஒண்ணு திருட்டுத்தனமா இழுக்குது. ஃப்யூஸை ஒண்ணொண்ணா உருவிப் பாருங்க. எதை உருவினதும் பூஜ்யத்துக்கு வருதோ, அந்த லைன்தான்."

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஃப்யூஸ் பெட்டி, அதற்கு மேலே மீட்டர். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். விளக்கு ஃப்யூஸை உருவினேன், மாற்றமில்லை. தண்ணீர் மோட்டார், விசிறி, எதிலும் மாற்றமில்லை. அப்போதுதான் கவனித்தேன். அந்த எண் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நாலுக்கு ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது.

மூச்சு விடுகிற மாதிரி.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மழைச் சத்தத்துக்கு அடியில் அவருடைய குறட்டை. குறட்டைக்கும் அடியில் இன்னொன்று. ஈரமாக, இழுத்து இழுத்து விடும் மூச்சு. பழைய ரப்பர் குழாயின் வாடை வந்தது.

எட்டிப் பார்த்தேன். கட்டிலோரத்துப் பிளக்கில் ஒன்றும் செருகியிருக்கவில்லை. ஆனால் அவர் சுவரோடு சுவராக ஒதுங்கிப் படுத்திருந்தார், இன்னொருவருக்கு இடம் விட்டு. என் பக்கத்தில் படுக்கும்போது அந்த மனுஷன் ஒரு நாளும் அரை சாண் இடம் விட்டதில்லை.

நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

"இத்தனை நாளா இங்கயேதான் இருக்கியா?" பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன். "நான் சார்ஜ் ஏத்த ஏத்த நீ குடிச்சிட்டுப் படுத்திருக்கியாடி?"

மூச்சு ஒரு கணம் நின்றது.

கேட்டுவிட்டது.

பிறகு, அவசரமே இல்லாமல், தொடர்ந்தது.

கட்டிலோரத்துப் பிளக்கின் ஃப்யூஸை வெடுக்கென்று உருவினேன். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. ஈர மூச்சு அடங்கியது. ஒழிந்தாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம், சொல்லவே கூசுகிறது.

குறட்டையும் அடங்கியிருந்தது.

"என்னங்க?"

ஓடினேன். வாய் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தேன். உதடு நீலம் பாய்ந்துகொண்டே வந்தது. திரும்பவும் ஃப்யூஸ் பெட்டிக்கு ஓடினேன். அவசரத்தில் ஃப்யூஸ் நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்தது. இருட்டில் துழாவினேன். தூசி. ஒரு திருகாணி. ஒரு ஹேர்பின், என்னுடையது இல்லை. கடைசியில் ஃப்யூஸ்.

"அவரை விட்டுடு. நீயும் இருந்துக்க. ஐயோ, அவரை விட்டுடு!"

செருகினேன்.

அவர் மார்பு விம்மி ஏறியது. மூச்சு வந்தது. அவளுடையதும் வந்தது. ஒரே சமயத்தில், ஒரே சீராக.

மீட்டர் எட்டு காட்டியது.

பேட்டரியில் கால்வாசிகூட மிச்சமில்லை. வெயிலும் இல்லை. வண்டி ஓடினால்தான் சார்ஜ் ஏறும். அடித்துப்பிடித்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கிளப்பினேன்.

மழையில் ரோடே தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிளக்கில் மாட்டும்வரை என்ஜினை அணைக்கக் கூடாது. சரி, அதற்கப்புறம்? அவர் அந்தக் கட்டிலைவிட்டு எழுந்து என்னோடு உள்ளே வர முடியுமா? கேட்கவே பயமாக இருந்தது. பின்னால் அவர்கள் இருவரும், காலம் காலமாகக் குடும்பம் நடத்தியவர்கள் மாதிரி சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் நான், அவர்களுடைய டிரைவர்.

"குளிருதா கண்ணு?" என்றது அவர் குரல், தூக்கக் கலக்கத்தில்.

என்னை அவர் ஒரு நாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. இருந்தும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"இல்லைங்க," என்று நான் வாயெடுப்பதற்குள், முதுகுக்குப் பின்னால் இருந்த திரைச்சீலையை யாரோ உள்பக்கமிருந்து மெதுவாக இழுத்து மூடினார்கள்.