திமிங்கிலத்துக்கு ஒரு குரல் வேண்டும்

மரங்கொத்திக்கு வயது பதினொன்று. பறவை இல்லை, பெண்தான். எதைக் கண்டாலும் விரலால் தட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. மேசை, ஜன்னல் கம்பி, தண்ணீர் பாட்டில், மாமாவின் வழுக்கைத் தலை, எதுவும் தப்பாது. அதுவும் ஒரு தட்டோடு விடமாட்டாள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டுவாள். அதனால்தான் வீட்டில் அந்தப் பெயர்.

"போதும்டி!" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அவளுடைய அம்மா ஒரு சிறுவர் நாடகக் குழுவில் சத்தங்களுக்குப் பொறுப்பு. மழை, இடி, கதவு கிறீச்சிடுவது, பூதம் தும்முவது, எல்லாவற்றையும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாதான் எழுப்புவார். இந்த வருட நாடகத்தில், கூட்டத்தைப் பிரிந்த திமிங்கிலம் ஒன்று நடுக்கடலில் தனியாகப் பாடும். பார்ப்பவர்கள் கண் கலங்க வேண்டிய இடம் அது.

போன வாரம் அந்த நேரம் பார்த்து அம்மாவின் பழைய கீபோர்டு 'கொர்ர்ர்' என்று ஏப்பம் விட்டது. அத்தோடு அதன் கதை முடிந்தது. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. திமிங்கில வேடம் போட்டவர் மட்டும் உடைக்குள்ளே அழுதார்.

மறுநாள் அம்மா வாயாலேயே 'ஊஊஊ' என்று பாடிப் பார்த்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அடுத்த காட்சி வரும் சனிக்கிழமை. திமிங்கிலத்துக்குக் குரல் இல்லையென்றால் நாடகமே இல்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 'ஹைப்ரிட் சிந்தசைசர், பழையது, விற்பனைக்கு.'

"பார்க்கக் கீபோர்டு மாதிரிதான் இருக்கும். ஆனா வேணுங்கிற சத்தத்தை நாமளே செஞ்சுக்கலாம்," என்று அம்மா கட்டிய தொண்டையோடு சொன்னார். மரங்கொத்தி அதன் வழிகாட்டிப் புத்தகத்தை அம்மாவின் போனில் தேடி எடுத்து, பாடப் புத்தகத்துக்கு ஒருநாளும் தராத மரியாதையோடு முழுக்கப் படித்துவிட்டாள்.

பார்க்கப் போகும்போது மாமாவும் கூட வந்தார். பேரம் பேசுவதில் மாமா புலி. இலவசமாகக் கொடுத்தால்கூட, "ரெண்டா தருவீங்களா?" என்று கேட்கிறவர்.

"உள்ள போனதும் யாரும் பிடிச்ச மாதிரி முகத்தைக் காட்டக் கூடாது. நான் குறை சொல்லிக்கிட்டே இருப்பேன். நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க," என்றார் வழியெல்லாம்.

விற்கிறவர் ஒரு பல் டாக்டர். மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு அழைத்துப் போனார். பல் பிடுங்கும்போது ஆட்களுக்குப் போர்த்துகிற பச்சைத் துணியால் சிந்தசைசரையும் போர்த்தி வைத்திருந்தார். துணியை மெதுவாக விலக்கினார்.

கறுப்பு உடம்பு, வரிசை வரிசையாகக் குமிழ்கள், பளபளக்கும் கட்டைகள். மரங்கொத்திக்கு வாய் பிளந்துகொண்டது. மாமா அவள் காலை மிதித்தார். உடனே மூடிக்கொண்டாள்.

ஆனால் கட்டைகளில் இது என்ன? ஒவ்வொன்றிலும் குட்டிக் குட்டியாகச் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தது.

"அதுவா?" டாக்டர் வெட்கத்தோடு சிரித்தார். "வாசிக்கும்போது திடீர்னு ஒரு சத்தம் மந்தமா விழும். நான் சரியா அழுத்தல போலிருக்குன்னு, தப்பு பண்ற கட்டையில எல்லாம் ஒரு புள்ளி ஒட்டினேன். கடைசியில புள்ளி இல்லாத கட்டையே இல்ல. எனக்கு இது வராதுங்க. என் விரல் சரியில்ல. அதான் வித்துடலாம்னு..."

ஒரு பாட்டை வாசித்தும் காட்டினார். அழகான பாட்டு. நடுவில் ஒரு சத்தம் மந்தமாக விழுந்ததும் கையை எடுத்துவிட்டார். "பார்த்தீங்களா?"

மரங்கொத்தி யோசித்தாள். ஒரு கட்டையில் தப்பு என்றால் சரி. எல்லாக் கட்டையிலும் எப்படி?

"நான் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாமா டாக்டர்?"

ஒரே ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டாள். டங். டங். டங். டங். டங். டொம். மறுபடியும் டங், டங், டங், டங், டங், டொம்.

"போதும்டி, தலை வலிக்குது," என்றார் மாமா.

அவள் நிறுத்தவில்லை. வேறொரு கட்டைக்குப் போனாள். அங்கேயும் அப்படித்தான். ஐந்து சத்தம் கணீரென்று வந்தது. ஆறாவது மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. வழிகாட்டிப் புத்தகத்தில் படித்ததுதான். மாமாவின் கையைப் பிடித்து நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கன்னம் வீங்கிய ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

"மாமா, அந்த மெஷினுக்குள்ள சத்தம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்ல பிறக்குது. அப்புறம் ஒரு சல்லடை வழியா வெளியே வருது. மாவு சலிக்கிற மாதிரி, இது சத்தத்தைச் சலிக்கிறது. மொத்தம் ஆறு சல்லடை. ஒவ்வொரு தடவை தட்டும்போதும் வரிசையா ஒவ்வொண்ணு வேலை செய்யும். அதுல ஒண்ணு மட்டும் தூங்குது!"

"அப்படிப் போடு! கோளாறு!" மாமா கையைத் தேய்த்துக்கொண்டார். "பாதி விலைக்கு அடிச்சிடலாம்."

"கோளாறே இல்ல மாமா. ஒரு பட்டனை அழுத்திப் பிடிச்சா, மெஷினே எல்லாத்தையும் அளந்து சரி பண்ணிக்கும். ஆனா தப்பு விரல்ல இல்லன்னு தெரிஞ்சா, டாக்டர் விக்க மாட்டாரே..."

மாமாவின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "அப்போ ஒண்ணும் சொல்லாதே. விக்கிற மனசோட இருக்கிற மனுஷனைக் கலைக்காதே. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிட்டு, வீட்டுல போய் சரி பண்ணிக்கலாம்."

குறை சொல்லாதே என்று மாமா சொன்னது அதுதான் முதல் தடவை.

மரங்கொத்தி சுவரைத் தட்டினாள். வாயை மூடிக்கொண்டால் போதும், சனிக்கிழமை திமிங்கிலம் பாடும். அம்மாவின் தொண்டையும் தப்பிக்கும். ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளிகள்? ஒவ்வொன்றையும் ஒட்டும்போது டாக்டருக்கு எப்படி இருந்திருக்கும்? இனிமேலும் தன் விரலைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அப்படித்தானே இருக்கும்? நினைத்தாலே அவளுக்குத் தாங்கவில்லை.

விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"டாக்டர், உங்க விரல்ல ஒரு தப்பும் இல்ல!"

சல்லடைக் கதையை அவரிடமும் சொன்னாள். தட்டியும் காட்டினாள். அம்மா காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, "ஆமா, அவ சொல்றது சரி," என்றார்.

"இந்தப் பட்டனை அழுத்திப் பிடிக்கட்டுமா?"

"ஐயோ, அதைத் தொட்டா எல்லாம் அழிஞ்சு போயிடும்னு நான் இதுவரைக்கும் கிட்டவே போனதில்ல!"

"ஒண்ணும் அழியாது. நான் முழுசா படிச்சிருக்கேன்."

அவள் சொன்ன விதத்தில் டாக்டர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். மரங்கொத்தி பட்டனை அழுத்திப் பிடித்தாள். மெஷின் 'உய்ய்' என்றது, 'முய்ய்' என்றது. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஆறாவது மட்டும் சோம்பலாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதுவும் பச்சை.

"இப்போ வாசிங்க டாக்டர்."

டாக்டர் உட்கார்ந்தார். அதே பாட்டு. வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்தது. தாண்டிப் போய்விட்டார். அடுத்த இடமும் வந்தது, அதையும் தாண்டினார். பாட்டின் முடிவை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலில் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலிலிருந்து கைதட்டல் கேட்டது. கன்னம் வீங்கியவர்தான். "டாக்டர், எனக்குப் பல் வலியே மறந்து போச்சு!"

"எல்லாருக்கும் நல்லதாப் போச்சு, நமக்குத்தான் மெஷின் போச்சு," என்று மாமா முணுமுணுத்தார்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்போ இதை விக்க மனசு வரலைங்க."

"எனக்குப் புரியுது டாக்டர். வெச்சுக்கோங்க," என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கைப்பையை எடுக்கும்போது அவர் முகம் வாடியதை மரங்கொத்தி பார்த்துவிட்டாள்.

அவள் விரல் கதவு நிலையைத் தட்ட ஆரம்பித்தது. டொக், டொக், டொக். சட்டென்று நின்றது.

"டாக்டர், சனிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு வேலை இருக்கா?"

"இல்லையே. அன்னைக்கு மத்தியானத்தோட மூடிடுவேன்."

"அப்போ மெஷினை எடுத்துக்கிட்டு நீங்களே எங்க நாடகத்துக்கு வாங்க. திமிங்கிலத்துக்குப் பாடணும்."

"நானா? மேடையிலயா?" டாக்டர் பின்வாங்கினார். "எனக்குக் கை நடுங்கும்மா."

"பல் பிடுங்கும்போது நடுங்குமா?"

"சேச்சே, நடுங்குமா என்ன!"

"அப்போ திமிங்கிலத்துக்குப் பல் வலின்னு நினைச்சுக்கோங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "வரேன்."

மாமா விடுவாரா? "வாடகை எவ்வளவு டாக்டர்? சொல்லிட்டா குறைச்சுப் பேச எனக்கு வசதியா இருக்கும்."

"முன்வரிசையில எங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு சீட்டு. அதுதான் வாடகை."

அதைவிடக் குறைத்துக் கேட்க மாமாவுக்கே வழி தெரியவில்லை.

சனிக்கிழமை திமிங்கிலம் பாடியது. நடுக்கடலில் அந்த நீளமான குரல் எழும்பியதும் அரங்கம் அப்படியே அடங்கிப்போனது. முன்வரிசையில் டாக்டரின் மனைவி கைக்குட்டையைத் தேடினார். பக்கத்தில் மாமா, தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லி இரண்டு கண்ணையும் துடைத்தார். அம்மா அலைச் சத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டார். அவருக்கு இப்போது ஒரு கை சும்மாவே இருந்தது.

கட்டைகளில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. கடைசியாக உரித்த ஒன்றை டாக்டர் மரங்கொத்தியின் ஆள்காட்டி விரலில் ஒட்டிவிட்டார்.

"இது எதுக்கு டாக்டர்?"

"கண்டுபிடிச்ச விரல் எதுன்னு எல்லாருக்கும் தெரிய வேணாமா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் சல்லடைகள் விழித்திருக்கின்றனவா என்று பார்ப்பது மரங்கொத்தியின் வேலை. ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டுவாள். நடிகர்கள், அம்மா, டாக்டர், மாமா, எல்லோரும் காத்திருப்பார்கள். அவளாக நிறுத்தும்வரை ஒருவர்கூட "போதும்டி" என்று சொல்லமாட்டார்கள்.