எல்லாம் எல்லாவற்றோடும்

“கதவு மூடியது” என்றது ஹால் ஸ்பீக்கர். ராஜ்மோகன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். இரும்புத் தாழ்ப்பாள் காலையில் போட்டது போட்டபடி கிடந்தது. திறக்காத கதவு எப்படி மூடும்?

தன் கீழ் வேலை பார்க்கும் லிசி எதையோ சொதப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். தன்னைத் தவிர ஆபீசில் இருப்பதெல்லாம் மண்ணாங்கட்டிகள் என்பது அந்தப் பெரிய மனிதரின் தீர்மானம். வீட்டுப் பூட்டு, விளக்கு, ஸ்பீக்கரையெல்லாம் இன்டர்நெட் வழியே கிளவுடில் கோத்துவிடுவதுதான் அவர்கள் வேலை. எது எதோடு பேசலாம் என்று டெம்ப்ளேட் என்ற விதிப் பட்டியலில் எழுத வேண்டும். லிசி ஒவ்வொன்றாக எழுதுவாள்: இதற்குத் தகவல் படிக்க மட்டும், அதற்குக் கட்டளை எழுத மட்டும். மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போகலாம் என்று ராஜ்மோகன் எல்லார் முன்னாலும் அவளை நக்கலடித்தான். பெயர்கள் வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு ஸ்டார் போட்டான். ஸ்டார் என்றால் எல்லாம் எல்லாவற்றோடும் பேசலாம். திருவானைக்காவலில் தன் வீட்டிலேயே ஓடவிட்டுக் காட்டினான். கொழுப்பு.

“எல்லாம்னா எதெதுன்னு யோசிச்சீங்களா சார்?” என்று லிசி கேட்டபோது சிரித்தான்.

மனைவி சித்ராதேவி கல்யாணத்துக்காக உப்பிலியபுரம் போயிருந்தாள். உள்ளறையில் ஆறு வயது பானு காய்ச்சலில் தூங்கினாள். சாயங்கால மழையில் ஊறிய சுவரின் வாடையும் அவள் நெற்றியில் தடவிய தைல வாடையும் கலந்து நின்ற ஹாலில், சமையலறைக் குழாய் சொட்டும்போதெல்லாம் விளக்கு மங்கி மங்கி எரிவதை அவன் அப்போதுதான் கவனித்தான். குழாயை யாரும் எதனோடும் இணைக்கவில்லை.

லிசிக்குப் போன் போட்டான். அப்போதும் குரலில் அதிகாரம் குறையவில்லை.

“ஸ்டாரை எடுத்துட்டா போதும்ல?”

“எடுங்க சார். ஆனா ஏற்கெனவே ஒட்டிக்கிட்டது விடுமான்னு எனக்குத் தெரியல.”

எடுத்தான். டெம்ப்ளேட்டையே அழித்தான். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. குழாய் நின்றது. இதற்கா பயந்தோம் என்று இருட்டில் இளித்தான்.

“கதவு திறந்தது.”

அதே ஸ்பீக்கர் குரல். உள்ளறையிலிருந்து.

ஓடினான். பானு படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை.

ஹாலில் இரும்பு உரசியது. ஒயரே இல்லாத தாழ்ப்பாள். மெதுவாக நகர்ந்தது. மழைச் சத்தம் வீட்டுக்குள் வந்தது. பிறகு ஈரக்கால் சத்தம்.

பானுவின் வாய் சொன்னது: “வந்தவர் உள்ளே.”