இறகு வளையம்

தலையணைக்குள் ஏதோ வட்டமாக இருந்தது. காய்ச்சலில் கிடந்த மகள் நேஸாவின் தலையைத் தூக்கி, வியர்வையில் நனைந்த தலையணையைத் திருப்பிப் போடப் போன பெலாவின் விரல்களில், மெத்தென்ற இறகுகளுக்கு நடுவே, முறுக்கிய கயிறு போல ஒன்று தட்டுப்பட்டது. நேற்று இது இல்லை. தையலைப் பிரித்துக் கையை விட்டு எடுத்தாள். வாத்து இறகுகள் ஒன்றோடொன்று பின்னி வளையமாகியிருந்தன. இரு முனையும் இன்னும் சேரவில்லை. நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அதுவும் மூடிக்கொண்டால் அந்தத் தலையணையில் படுத்தவர் பிழைக்கமாட்டார் என்று ரைன் ஆற்றங்கரை முழுக்க நம்பியது.

வியர்வையும் பிசுக்கும் சேர்ந்தால் இறகு தானாகவே திரளும் என்பது பெலாவுக்குத் தெரியும். பிரபுவின் மாளிகையில் படுக்கை விரிக்கும் வேலைக்காரியாக இருந்தவள் அவள். தெரிந்தும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குக் கிடைத்த வெகுமதிதான் இந்த வீடும், பிரபுவின் மனைவி சீமாட்டி மெக்டில்ட் தலை வைத்துப் படுத்த இதே தலையணையும்.

நோயில் கிடந்த பிரபுவின் தலையணையிலும் அன்று இப்படி ஒரு வளையம் அகப்பட்டது. அதை நெருப்பில் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால், முதலில் வந்து தட்டுகிறவள்தான் அதை வைத்த சூனியக்காரி என்பது ஊர் நம்பிக்கை. அண்ணன் சொத்தின்மேல் கண் வைத்திருந்த பிரபுவின் தம்பி, சரியாக அந்த நேரம் பார்த்துச் சீமாட்டியை வரச் சொல்லும்படி பெலாவை அனுப்பினார். ஐயா கூப்பிடுகிறார் என்று பெலா போய்ச் சொன்னாள். பதறிப்போய், ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக ஓடி வந்து கதவைத் தட்டினாள் மெக்டில்ட்.

“நீதானே பெலா என்னைக் கூப்பிட்ட? சொல்லு.”

“நான் கூப்பிடலயேம்மா.”

அவ்வளவுதான். பெரிய இடத்துப் பெண்ணை எரிக்கத் தயங்கி, கோபுர அறையில் உயிரோடு வைத்து, வாசலைக் கல்லும் சுண்ணாம்புமாகச் சுவரெழுப்பி அடைத்தார்கள். பனிக்காலம் முடியும் முன்பே உள்ளிருந்து சத்தம் நின்றுவிட்டது. பெலா இதைப் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை. நேஸாவுக்கு உடம்பு கொதிக்கும்போதெல்லாம், தன் பாவம்தான் பிள்ளையைச் சுடுகிறது என்று உள்ளுக்குள் செத்துப் பிழைத்தாள்.

விறகோடு உள்ளே வந்த கணவன் டில்மன் அவள் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டான். விறகைப் போட்டுவிட்டு நேரே போய்க் கதவுக்குத் தாழ் போட்டான். இது வெறும் வியர்வையில் திரண்ட இறகுதான், விடுங்கள் என்று பெலா கெஞ்சினாள்.

“அப்போ மாளிகையில என்னடி சாட்சி சொன்ன?”

டில்மன் அவள் கையிலிருந்து வளையத்தைப் பிடுங்கினான். வளையம் அடுப்பில் விழுந்தது. மயிர் கருகும் நாற்றம் அறையெங்கும் பரவி, தொண்டையில் ஒட்டிக்கொண்டு, போர்வைக்குள் நேஸாவை இரும வைத்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் ஒவ்வொரு சொட்டும் யாரோ படியேறுவது போலக் கேட்டது. டில்மன் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தான்.

அப்போதுதான் பெலாவுக்கு உறைத்தது. பால் கொண்டுவரும் விதவை ஸ்டீனா தினமும் இந்த நேரத்தில்தான் வருவாள். வந்து தட்டுவாள்.

இன்னொருத்தி வேண்டாம்.

உழவு மாட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கொட்டகை வழியாக வெளியே ஓடினாள். ஒரு மரச்செருப்பு சேற்றில் சிக்கியது. விட்டுவிட்டு ஓடினாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஸ்டீனா இல்லை. யாருமே இல்லை.

வாசல் பக்கம் திரும்பினாள்.

பனியில் காலடிகள். தெருவிலிருந்து கதவுவரை. ஒன்று செருப்புத் தடம். அடுத்தது வெறுங்கால். திரும்பிப் போன தடம் இல்லை.

தாழ் போட்ட கதவுக்குள்ளிருந்து நேஸாவின் குரல், பல நாளுக்குப் பிறகு தெளிவாக:

“அப்பா, இவங்கள அம்மாதான் கூப்பிட்டாங்களாம்.”

பெலா இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

திறந்தது. டில்மன் கம்பியை ஓங்கியபடி நின்றான். அவன் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, அவளுடைய வெறுங்காலில் நின்றது.

“நீயா?”

“நான் இல்லீங்க. உள்ள… பின்னால திரும்பிப் பாருங்க.”

அவன் திரும்பவில்லை. கதவைச் சாத்தத் தொடங்கினான். சுருங்கிக்கொண்டு வந்த இடைவெளியில் கட்டில் தெரிந்தது. நேஸாவின் தலை தலையணையில் இல்லை. ஈரம் சொட்டும் பட்டு மடியில் இருந்தது. சுண்ணாம்பு படிந்த, நகமில்லாத விரல்கள் குழந்தையின் கூந்தலை வட்டமாகப் பின்னிக்கொண்டிருந்தன. ஒரு விரல் இடைவெளிதான் மிச்சம்.

விரல்கள் இரு முனையையும் சேர்த்தன.

உள்ளே தாழ் விழுந்தது.