முன்னால் போகிறவள்

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது.

ஒன்பதாவது வளைவில் நின்று "ஏத்தா, வாரியா?" என்று கூவிய மெர்லின் வாயை மூடுவதற்குள், கீழே பாதையை மூடிக்கொண்டு ஏறிவந்த மேகத்துக்குள்ளிருந்து "வாரேன்" என்றது குரல். மூச்சிரைப்பு இல்லை. கால் சுளுக்கியவளின் குரல் மாதிரியும் இல்லை. அதைவிட, "வாரேன்க்கா" என்று சொல்லவில்லை. மூன்று வருடமாக வாய்க்கு வாய் அக்கா போட்ட சொர்ணலதா இன்றைக்கு மொட்டையாக வாரேன் என்கிறாள். மெர்லினுக்குச் சுருக்கென்றது.

"இன்னைக்கு ஒருநா பின்னால நடக்க வேண்டி வந்ததுக்கே இம்புட்டுக் கோவமாக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டு ஊன்றுகோலை எடுத்து வைத்தாள்.

சேந்தங்குளம் ஏரிக்கரையிலிருந்து மேலே ஏலத்தோட்டம் வரைக்கும் பதினான்கு வளைவுகள். கூட்டத்துக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி போவதுதான் இந்த ஊர் வழிகாட்டிகளின் முறை. விசில் ஊதினால் காட்டுமாடு மிரளும் என்பதால் வளைவுக்கு வளைவு முன்னால் போகிறவள் குரல் கொடுப்பாள், கடைசியில் வருகிறவள் பதில் சொல்வாள். அந்தப் பதிலைக் கேட்டபிறகுதான் அடுத்த அடி. இன்றைக்கு நடுவில் இருந்தவர்கள் பதினோரு பேர், எல்லோரும் கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆசிரியர்கள்.

இந்தப் பாதையில் ஏலக்காய் பறிக்கப் பதினெட்டு வருடம் ஏறி இறங்கியவள் மெர்லின். எந்தப் பாறை வழுக்கும், எந்தப் புல்லில் அட்டை ஏறும், எந்த இடத்தில் தைலப்புல் வாசம் நின்று யானை வாசம் தொடங்கும் என்பதெல்லாம் சொர்ணலதாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஆனால் போடியில் ஆபீஸ் போட்டு சுற்றுலா ஆட்களை மலைக்கு அனுப்பும் ஆதித்தன் வந்து பார்த்துவிட்டு, "சொர்ணலதா சிரிச்ச மொகம், நல்லாப் பேசுது, அது முன்னால போகட்டும். நீங்க பின்னால பாத்துக்கங்கக்கா," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அன்றிலிருந்து மெர்லின் பார்த்ததெல்லாம் மற்றவர்களின் முதுகுகள். ஆபீஸ் சுவரில் மாட்டிய படங்களில் மலைக்கு முன்னால் சொர்ணலதா சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பாதித் தோளாக மட்டும் தெரிந்தவள் மெர்லின். போன வாரம் ஆதித்தன், இனி முன்னால் போவதற்கு ஒரே ஆளை நிரந்தரமாக வைக்கப்போவதாகச் சொன்னான். யார் என்று அவன் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

பொறாமைதான். அதற்கு நாகரிகமாக வேறு பெயர் வைக்க மெர்லினுக்குத் தெரியாது. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது மற்றதை எல்லாம் சொல்வாள், இதை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை.

அதனால் ஏழாவது வளைவில் சொர்ணலதாவின் கால் பிசகியபோது அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. "நீங்க முன்னால போங்கக்கா, நான் மெல்லமா பின்னால வாரேன்," என்று அவள் சொன்னதும் மெர்லின் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாள். நெஞ்சு நிறைந்துவிட்டது. முன்னால் பாதை திறந்து கிடந்தது, ஒரு முதுகுகூட இல்லை. எட்டாவது வளைவு தாண்டியதும், "அக்கா, நில்லுங்க... அக்கா!" என்று ஒரு குரல் வந்தது. இரண்டு முறை வந்தது. மெர்லின் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மேகம் எறங்குறதுக்குள்ள ஏறிறணும், வெரசா வாங்க," என்று ஆசிரியர்களை விரட்டினாள்.

அதற்கப்புறம் கேட்டதுதான் அந்த மொட்டை வாரேன்.

பத்தாவது வளைவில் மேகம் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. மணி ஒன்றரைதான், ஆனால் மரங்களின் பச்சை அணைந்து எல்லாமே சாம்பல் நிறமாகியிருந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டியது, பூச்சிகளின் இரைச்சல் ஒரேயடியாக நின்றுபோயிருந்தது, ஈரமண்ணோடு சேர்ந்து நாட்பட்ட கிணற்றைத் திறந்தால் வரும் ஒரு வாசம் கீழிருந்து ஏறி வந்தது. மெர்லின் கூவினாள். "வாரேன்." கூவி முடிப்பதற்கு முன்பே.

மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஆசிரியை ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கூட்டத்தில் கடைசியாக வந்துகொண்டிருந்தவள் அவள்.

"உங்க கூட வர்றவங்க ரொம்ப நல்லவங்க மேடம். கால் வலியோட எனக்கு முதுகுல கை கொடுத்துத் தள்ளிவிட்டுக்கிட்டே வர்றாங்க. கைதான் ரொம்ப ஜில்லுன்னு இருக்கு. கோட்டுக்கு மேலயே தெரியுது."

மெர்லினுக்கு வயிறு எரிந்தது. பின்னால் போட்டாலும் நல்ல பெயரைத் தட்டிக்கொண்டு போகிறாள் பார். ஊர் திரும்பியதும் இந்த ஆசிரியை ஆதித்தனிடம் சொல்லப்போவது கால் சுளுக்கோடு கை கொடுத்தவளைப் பற்றித்தான், மேகத்துக்குள் வழி பிசகாமல் கூட்டிப்போனவளைப் பற்றி இல்லை. அவள் நடையை இன்னும் கூட்டினாள்.

பதினோராவது வளைவிலும் "வாரேன்" வந்தது. இந்த முறை கடைசியிலிருந்து இல்லை. வரிசையின் நடுவிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. கால் சரியாகிவிட்டது போல, முன்னால் வந்து தன் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று மெர்லின் பல்லைக் கடித்தாள். விடக்கூடாது. இன்றைக்கு ஏலத்தோட்டத்து வாசலில் முதல் கால் வைப்பது நான்தான்.

பன்னிரண்டாவது வளைவில் ஒரு மொட்டைப்பாறை. இந்த மலையில் போன் எடுப்பது அங்கே மட்டும்தான். பாறையில் கால் வைத்ததும் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. திரையில் சொர்ணலதா.

"என்னத்தா, பின்னால வந்துக்கிட்டே போன் அடிக்கிறவ?"

"அக்கா!" அழுது ஓய்ந்த குரல். "எங்கன இருக்கீக? எத்தனை தடவை அடிச்சேன். எட்டாம் வளைவுலயே விழுந்துட்டேன்க்கா, கூப்புட்டேன், நீங்க நிக்கல. காட்டு ரோந்து வந்த முத்துராமலிங்கண்ணே பாத்து, ஆளுகளக் கூட்டியாந்து தூக்கிட்டு வந்தாக. இப்பத்தான் ஏரிக்கரைல எறக்கிவிட்டாக. காலு ஒடஞ்சுபோச்சுங்குறாக."

போனுக்குள் ஏரி அலை கரையில் மோதும் சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள்.

"அக்கா? பின்னால யாரு பாத்துக்கிறாக? டீச்சருக எல்லாரும் பத்திரமா?"

போன் தானாகக் கட்டாயிற்று.

திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்பவில்லை. கடைசியில் ஓரக்கண்ணால் எண்ணினாள். மழைக்கோட்டுகள், தொப்பிகள், பைகள். பதினொன்று. அவற்றுக்குப் பின்னால் மேகம். மேகத்துக்குள் ஏதோ நின்றுகொண்டிருந்தது, அல்லது மேகம் அந்த இடத்தில் கொஞ்சம் தடித்திருந்தது.

"மாதாவே," என்றாள். எட்டாவது வளைவில் நின்றிருந்தால். ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும். இந்தப் பதினோரு பேரையும் பின்னால் யாரும் இல்லாமல் மூன்று மணிநேரம் கூட்டிவந்திருக்கிறாள். இல்லை, யாரும் இல்லாமல் இல்லை.

இறங்க முடியாது, இறங்கினால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்னும் இரண்டே வளைவு. பதினான்காவதில் வலது பக்கம் திரும்பினால் தோட்டத்து இரும்புக்கேட். நேராகப் போனால் ஒன்றும் இல்லை, பாறை முடிந்து ஏரிவரைக்கும் வெறும் ஆகாயம்.

"கையக் கோத்துக்கங்க," என்றாள். குரல் கம்மியது. "யாரும் பேசாதீக."

பதின்மூன்றாவது வளைவில் அவள் கூவவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொட்டும் நீர். பதினோரு மூச்சுகள்.

"வாரேன்."

கேட்காமலேயே. அவளுக்கு நேர் பின்னால். காதோரத்து மயிர் அசைந்தது. கிணற்று வாசம்.

ஓடினாள். ஊன்றுகோல் எங்கோ விழுந்தது. பின்னால் காலடிகள் ஓடிவந்தன, பதினொன்றோ பன்னிரண்டோ. மேகம் வெள்ளையாக முகத்தில் அப்பியது. கால் தானாகப் பாறையை உணர்ந்தது. பதினான்கு. வலது பக்கம் கையை நீட்டி இரும்பைத் தேடினாள். கிடைத்தது. ஈரமான, குளிர்ந்த கம்பி. அப்பாடா.

அப்போது குரல் கேட்டது. வலது பக்கமிருந்து இல்லை. நேர் எதிரே, பாறை முடிந்த இடத்துக்கு அப்பாலிருந்து.

"ஏத்தா, வாரியா?"

மெர்லினின் குரல். அவளுடைய அதே கம்மல், அதே இழுப்பு. ஏழாவது வளைவிலிருந்து பதினோரு பேரும் நம்பி நடந்துவந்த குரல்.

"போகாதீக! அங்கன வழி இல்ல!" என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

முதல் ஆசிரியர் அவளைத் தாண்டிப் போனார். அவர் முகத்தில் பயம் இல்லை. அடுத்தவர். அடுத்தவர். கோத்த கைகளோடு, ஒரு வரிசையாக. மஞ்சள் கோட்டின் கையை மெர்லின் எட்டிப் பிடித்தாள். துணி வழுக்கிக்கொண்டு போயிற்று. விழும் சத்தம் இல்லை. ஓர் அலறல் இல்லை. மேகத்துக்குள் காலடிச் சத்தம் மட்டும், மண்பாதையில் நடப்பது போல, நிதானமாக.

காற்று அடித்தது. மேகம் விலகியது.

கீழே, வெகு கீழே, ஏரி. சேந்தங்குளத்து ஓட்டுக்கூரைகள். மேலே, பாறையின் விளிம்புக்கு அப்பால், நிலமே இல்லாத இடத்தில் பதினோரு முதுகுகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒருத்தி. மெர்லினின் சட்டை. மெர்லினின் நடை. ஒரு முதுகும் மறைக்காமல், எல்லோருக்கும் முன்னால்.

"ஏத்தா, வாரியா?"

மெர்லின் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வருடப் பழக்கத்தில் "வாரேன்" என்று சொல்ல நாக்கு பல்லுக்குள் புரண்டது. பொத்தினாள். சொல்லவில்லை.

கடைசி ஆள் பதில் சொல்லாவிட்டாலோ நிற்கச் சொன்னாலோ, முன்னால் போகிறவள் நின்று, வரிசையை நிறுத்தி, திரும்பி வந்து பார்க்க வேண்டும். மெர்லின் இன்றைக்குச் செய்யத் தவறியது அதைத்தான்.

அங்கே ஆகாயத்தில் வரிசை நின்றது. பதினோரு முதுகுகளும் ஓரமாக ஒதுங்கின. முன்னால் போனவள் திரும்பினாள். ஏரிக்கு மேலே, ஒவ்வொரு முகமாகக் கடந்து, அவசரமே இல்லாமல் அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள்.